நிழலைச் சரியாக விழச் செய்தல்: இடுப்பு, கால் எலும்புகளின் எக்ஸ்-ரே படம்

வகுப்பறையில் எளிதில் செய்து காட்டக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெயில் விழும் சுவரின் முன்னே ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்தால் அதன் நிழல் வட்டமாக விழுகிறது. நாணயத்தைச் சற்றே திருப்பினால் வட்டம் முட்டை வடிவமாகிறது. அதன் விளிம்பு கதிரவனை நோக்குமாறு திருப்பிவிட்டாலோ நிழல் ஒரு கோடாகச் சுருங்கிவிடுகிறது. நாணயம் மாறவில்லை, அது நின்ற நிலை மட்டுமே மாறியது. அந்தக் கோட்டை மட்டும் கண்ட ஒருவன் அதைக் குச்சியின் நிழல் என்று கூறினால் அவனைக் குறை கூற இயலாது.

எக்ஸ்-ரே படமும் இத்தகைய நிழலே ஆகும். 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள வூர்ட்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் இக்கதிர்களைக் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவியின் கையினூடே அவற்றைச் செலுத்தி, விரலெலும்புகளும் மோதிரமும் தெரியுமாறு படமொன்றை எடுத்தார். அதன்பின் சுமார் இரண்டு ஆண்டுகளில், அதாவது 1897–98-இல், அந்நாளைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடைபெற்ற டிரா படையெடுப்பின்போது, பீவர் என்னும் இராணுவ மருத்துவர் எக்ஸ்-ரே கருவியொன்றை மலைப்பாதைகளில் கொண்டு சென்று, காயமுற்ற சிப்பாய்களின் உடலில் தங்கிய குண்டுகளைக் காணப் பயன்படுத்தினார். அன்றைய கருவிக்கும் இன்றைய கருவிக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கண்ணாடித் தகட்டின் இடத்தில் பிலிம் வந்தது. பிலிமின் இடத்தில் இப்பொழுது பல மருத்துவமனைகளில் மின்னணுத் தகடு வந்திருக்கிறது. படம் சில விநாடிகளில் திரையில் தோன்றிவிடுகிறது. ஆயினும் கதிர் நேர்கோட்டில் செல்கிறது என்பதும், தகட்டில் விழுவது நிழலே என்பதும் மாறவில்லை. படத்தின் கருமையையும் வெளுப்பையும் கணிப்பொறி பின்னர் சரி செய்யலாம். தவறாகக் கிடந்த காலைத் திருப்பி வைக்க எந்தக் கணிப்பொறியாலும் ஆகாது.

எலும்பிலுள்ள கால்சியம் எக்ஸ்-கதிர்களை மிகுதியாக உறிஞ்சுகிறது. தசை அவ்வளவு உறிஞ்சுவதில்லை. ஆகவே எலும்பு படத்தில் வெளிறித் தோன்றுகிறது. முறிவுக் கோடு என்பது எலும்பிலுள்ள மெல்லிய இடைவெளியாகும். கதிர் அவ்விடைவெளியின் வழியே நேராகப் புகுந்து சென்றால்தான் அது கருங்கோடாகத் தெரியும். குறுக்கே சென்றால், முன்னும் பின்னுமுள்ள எலும்பின் நிழல் அதன்மேல் விழுந்து மறைத்துவிடும். இக்காரணத்தாலேயே கை கால் எலும்புகளை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலேனும் படம் எடுக்க வேண்டும் என்பது விதியாயிற்று. நீண்ட எலும்பாயின், அதன் மேல்மூட்டும் கீழ்மூட்டும் படத்தில் அடங்கவேண்டும் என்பது மற்றொரு விதி. தகட்டுக்கு அருகிலுள்ள உறுப்பின் நிழல் தெளிவாகவும், தொலைவிலுள்ளதன் நிழல் பெருத்தும் மங்கியும் விழும் என்பதையும் நாணயத்தைக் கொண்டே மாணவர்க்கு விளக்கிவிடலாம்.

தொடை எலும்பின் கழுத்து

இவ்விதிகளின் அருமை வேறெங்கும் விட இடுப்பு மூட்டில் நன்கு விளங்கும். தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போன்ற தலையொன்று இருக்கிறது. அது இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியில் பொருந்தியுள்ளது. தலையையும் தண்டையும் இணைப்பது கழுத்து. கழுத்து தண்டுடன் சேருமிடத்தில், வெளிப்புறம் பெரிய புடைப்பொன்றும், உட்புறமும் பின்புறமுமாகச் சிறிய புடைப்பொன்றும் இருக்கின்றன. இக்கழுத்து தண்டிலிருந்து நேர் பக்கவாட்டில் கிளம்புவதில்லை. வளர்ந்தவர்களிடத்தில் அது சுமார் 15 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. பிறந்த குழந்தையிடம் இச்சாய்வு இதனினும் மிகுதி.

ஒருவர் மல்லாந்து படுத்துக் கால்களைத் தளரவிட்டால் பாதங்கள் தாமாகவே வெளிப்புறம் சாய்ந்து விழும். அவ்வாறு விழுங்கால் தொடை எலும்பு முழுவதும் வெளிப்புறம் சுழல்கிறது. முன்னரே முன்னோக்கியிருந்த கழுத்து மேலும் மேல்நோக்கித் திரும்பி, கதிர்க் குழாயையே நோக்கி நிற்கிறது. நாணயத்தின் விளிம்பு கதிரவனை நோக்கியதை ஒத்த நிலை இது. படத்தில் கழுத்து குறுகிப் போகும். பெரிய புடைப்பின் நிழலும் அதன்மேல் படியும். முறிவு ஏற்படுவதற்கு மிகுந்த வாய்ப்புள்ள அவ்விடமே படத்தில் மறைந்துவிடுகிறது.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. நோயாளி மல்லாந்து நேராகப் படுத்திருக்க, இரு கால்களையும் 15 முதல் 20 டிகிரி வரை உட்புறம் திருப்பவேண்டும். கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட, குதிகால்கள் சுமார் 20 செ. மீ. விலகியிருந்தால் இந்நிலை கிட்டியதென்று கொள்ளலாம். மணல் மூட்டைகளை அணைவாக வைத்தால் பாதங்கள் நழுவா. இடுப்பின் முன்புறத்தில் இருபக்கமும் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனைகள் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். அம்முனைகளை இணைக்கும் கோட்டுக்கும், அடிவயிற்றின் கீழே முன் இடுப்பெலும்புகள் கூடுமிடத்துக்கும் நடுவே, உடலின் மையக் கோட்டில் கதிரின் நடு விழவேண்டும். குழாய் தகட்டிலிருந்து சுமார் 100 செ. மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். படமெடுக்கும் கணத்தில் நோயாளி மூச்சை நிறுத்திக்கொள்வார்.

காலைத் திருப்பியது போதுமா என்பதைப் படமே கூறிவிடும். சிறிய புடைப்பு உட்புறத்தில் துருத்திக்கொண்டு தெரிந்தால் கால் வெளிப்புறம் சுழன்றே கிடந்தது என்பது பொருள். அது மறைந்தோ, அரும்பாகச் சிறிதளவே தெரிந்தோ இருந்தால் கழுத்து தன் முழு நீளத்தோடு படத்தில் விழுந்திருக்கிறது. இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியிலுள்ள இரு முட்டை வடிவத் துளைகளும் ஒத்த அளவினவாகத் தோன்றினால் உடல் ஒருபுறம் சாயவில்லை என்று அறியலாம். அனுபவமுள்ள எக்ஸ்-ரே டெக்னீஷியன் திரையில் முதலில் நோக்குவது இவ்விரண்டையுமே; முறிவைத் தேடுவது அதற்குப் பின்னரே.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்த எழுபது வயது மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கழுத்தில் முறிவு ஏற்பட்டும், முறிந்த பகுதிகள் ஒன்றோடொன்று அழுந்திச் செருகிக்கொண்டால், அவரால் வலியோடு சில அடிகள் நடக்கவும் கூடும். கால் குட்டையாகத் தோன்றாது. பாதம் வெளியே சாய்ந்த நிலையில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது. ‘வெறும் சுளுக்கு’ என்று வீட்டிற்கு அனுப்பிவிடுவார்கள். மூதாட்டியும் பேரக்குழந்தைகளின் பின்னே நடந்துகொண்டிருப்பார். சில நாட்களில் செருகிய பகுதிகள் விலகும். தலைக்கு இரத்தம் செலுத்தும் நுண்குழாய்களிற் பெரும்பாலானவை கழுத்தை ஒட்டியே செல்கின்றன. எலும்பு விலகும்போது அவை அறுபடுகின்றன. தலை இரத்தமின்றி மடிகிறது. முதல் நாளிலேயே கண்டிருந்தால் சில திருகாணிகளால் நிறுத்தியிருக்கக்கூடிய முறிவுக்கு இப்பொழுது செயற்கை மூட்டு வேண்டியதாகிறது. படுக்கையில் நீண்ட நாள் கிடக்கும் முதியவர்களைப் படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி, கால் நாளங்களில் இரத்தம் உறைதல் ஆகியவை அடுத்தடுத்துத் தாக்குகின்றன. பாதத்தைச் சிறிது உட்புறம் திருப்பாத குறை இவ்வளவு தூரம் செல்லக்கூடும்.

நன்கு எடுத்த படத்திலும் சில முறிவுகள் தெரிவதில்லை என்பதையும் கூறிவிட வேண்டும். விழுந்த முதியவர் காலூன்ற இயலாமல் வலியால் துன்புற்றால், படம் தெளிவாக இருப்பினும் மருத்துவர்கள் காந்தப் பிம்பச் சோதனையோ சி. டி. படமோ எடுக்கச் செய்வர்.

திருப்பக் கூடாத கால்

மேற்கூறிய விதிக்கு ஒரு விலக்கு உண்டு. விதியைக் காட்டிலும் விலக்கே முக்கியமானது. விழுந்தவரின் கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் புரண்டு கிடந்தால், கழுத்து முறிந்து விலகியிருக்கக் கூடும். அக்காலைப் படத்தின் பொருட்டு உட்புறம் திருப்புவது பெருந்தவறு. எஞ்சிய இரத்தக் குழாய்களும் அதனால் கிழியலாம். அத்தகைய காலைக் கிடந்தவாறே படமெடுக்க வேண்டும். பக்கவாட்டுப் படத்திற்கும் நோயாளியைப் புரட்டக் கூடாது, கதிரைத்தான் திருப்பவேண்டும். நலமான காலை மடக்கி உயர்த்தித் தாங்கி வைத்துவிட்டு, அடிபட்ட இடுப்பின் வெளிப்புறம் தகட்டைச் செங்குத்தாக, கழுத்துக்கு இணையாக நிறுத்தி, உட்தொடைப் பக்கத்திலிருந்து கதிரைக் கிடையாகச் செலுத்துவார்கள். டேனிலியஸ், மில்லர் என்னும் இருவரின் பெயரால் வழங்கும் இம்முறையில் அடிபட்ட கால் அணுவளவும் அசைவதில்லை. கிண்ணக் குழியே உடைந்திருந்தால், உடலை இருபுறமும் 45 டிகிரி சாய்த்து எடுக்கும் படங்கள் துணை செய்யும். 1964-இல் பிரெஞ்சு மருத்துவர்களான ஜூடே சகோதரர்களும் லெட்டூர்னெலும் விளக்கிய முறை இது. சி. டி. கருவி உள்ள இடங்களில் இவற்றின் தேவை குறைந்துள்ளது.

களப் பணியாளர்க்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எக்ஸ்-ரே அறைக்கு வெகு முன்னரே தொடங்குகிறது. விழுந்தவரை எழுப்பி நிறுத்திப் பார்ப்பதும், ‘எலும்பு முறிந்ததா’ என்று பாதத்தைப் பிடித்துச் சுழற்றிப் பார்ப்பதும் கிராமங்களில் இன்றும் காணும் பழக்கங்கள். இரண்டும் தீங்கானவை. கிடந்த நிலையிலேயே இரு கால்களையும் இடையே துணி வைத்துச் சேர்த்துக் கட்டி, பலகையின்மேல் கொண்டு செல்வதே தக்கது. சிம்பு வைத்துக் கட்ட நேர்ந்தால் மரச்சிம்பு அல்லது அட்டை நல்லது. இரும்புக் கம்பி படத்தில் குறுக்கே விழும். அரைஞாணிலுள்ள வெள்ளி, தாயத்து, சட்டைப்பையிலுள்ள சாவி, ஊக்கு, கொலுசு, மெட்டி ஆகிய யாவும் நிழல் தரும் பொருள்களே. வீங்கிய விரலில் மெட்டி இறுகிவிடுமாதலால், எக்ஸ்-ரே அறை வரை காத்திராமல் வீட்டிலேயே கழற்றிவிடுவது நன்று. மண் கலந்த பற்றுப் போட்டிருந்தால் அதன் நிழலும் விழும் என்பதை டெக்னீஷியனுக்குச் சொல்லிவிட வேண்டும்.

முழங்கால் வலிக்கிறது என்னும் சிறுவன்

பள்ளி ஆசிரியர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நொண்டி நடக்கும் சிறுவன் ஒருவனை ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்டால் அவன் முழங்காலைக் காட்டுவான். நோய் இடுப்பு மூட்டில் இருக்கும். இரு மூட்டுகளுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால், மூளை வலியின் பிறப்பிடத்தைத் தவறாக உணர்கிறது. முழங்காலை மட்டும் படமெடுத்து, குற்றமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்கள் பல வாரங்களுக்குப் பின் மீண்டும் வருவது மருத்துவமனைகளில் பழகிய நிகழ்ச்சியாகும்.

இவ்வாறு ஏமாற்றும் நோய்கள் முக்கியமாக இரண்டு. நான்கிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகளிடம், அவர்களிலும் ஆண் குழந்தைகளிடம் மிகுதியாக, தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குன்றி எலும்பு நலிவுறுவது ஒன்று. இதை 1910-இல் அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்தஸ் ஆகிய மூவரும் தனித்தனியே விவரித்தனர். எக்ஸ்-ரே வருவதற்கு முன் இது மூட்டுக் காசநோய் என்றே கருதப்பட்டு வந்தது.

மற்றொன்று, 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையே, பெரும்பாலும் உடல் பருத்த பிள்ளைகளிடம் காணப்படுவது. அவ்வயதில் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே வளர்ச்சித் தகடு என்னும் குருத்தெலும்பு அடுக்கு இன்னும் இறுகாமல் இருக்கிறது. அவ்விடத்தில் தலை சிறிது சிறிதாக நழுவுகிறது. நழுவுவது முதலில் பின்னோக்கியே என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முன்னிருந்து பின்னாகச் செல்லும் கதிருக்கு முன்பின் அசைவு தெரியாது. தன்னை நோக்கி நேரே வரும் வண்டி எவ்வளவு விரைவாக வருகிறது என்று தெருவில் நிற்பவனுக்கு உடனே விளங்காதது போல. முன்புறப் படத்தில் மூட்டு ஏறக்குறைய நலமாகவே காணப்படும். பக்கவாட்டுப் படத்திலோ தலை பின்னே சரிந்திருப்பது தெளிவாகத் தெரியும்.

அப்பக்கவாட்டுப் படத்தை எடுக்கும் நிலைக்குத் தவளைக்கால் நிலை என்று பெயர். நமது நாட்டுப் பிள்ளைகளுக்கு அதை விளக்குவது கடினமன்று. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, உள்ளங்கால்களை ஒன்றுசேர்த்து, தொடைகளை இருபுறமும் விரியவிட வேண்டும்; படுத்த நிலையில் சம்மணமிடுவது போன்றதே அது. இரு மூட்டுகளும் ஒரே படத்தில் விழுவதால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிகிறது; மறுபுற மூட்டும் நழுவுவது உண்டாதலால் அது தேவையே. ஆனால் சிறுவன் காலூன்றவே இயலாத நிலையில் வந்திருந்தால் தொடையை விரிக்கச் சொல்லக் கூடாது. தலை ஒரேயடியாகப் பெயர்ந்துவிடலாம். அப்பொழுது முன்னே சொன்ன கிடைக்கதிர் முறையே கைகொடுக்கும். தக்க காலத்தில் காணப்பட்ட நழுவலை ஒரு திருகாணியால் அப்படியே நிறுத்திவிடலாம். காலந்தாழ்ந்தால் இளமையிலேயே மூட்டு தேய்ந்து, அப்பிள்ளை வாழ்நாள் முழுதும் நொண்ட நேரிடும்.

பிறவியிலேயே மூட்டு சரியாக அமையாத கைக்குழந்தைகளின் நிலை வேறு. தொடை எலும்பின் தலை பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்-கதிருக்குத் தென்படாது. நான்கு முதல் ஆறு மாதங்களில்தான் அதில் எலும்புக் கரு தோன்றுகிறது. அதற்கு முன் மீயொலிச் சோதனையே பயன் தரும். பின்னர் எடுக்கும் படத்தில் குழந்தையின் கால்கள் நேராகவும், முழங்காற் சில்லுகள் மேல்நோக்கியும் இருக்கவேண்டும். 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தில், கண்டறிய வேண்டிய பிறவிக் குறைகளுள் இதுவும் சேர்க்கப்பட்டுள்ளது. குழந்தையின் கால்களை விரித்து இடுப்பில் ஏந்திச் செல்லும் நமது தாய்மாரின் வழக்கம் இம்மூட்டுக்கு உகந்தது. கால்களை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றி வைப்பது உகந்ததன்று.

முழங்காலும் அதன் கீழும்

முழங்கால் வலியுடன் வரும் நடுவயதினரையும் முதியவரையும் படுக்கவைத்துப் படமெடுத்தால் மூட்டின் இடைவெளி ஒழுங்காகவே தோன்றக் கூடும். உண்மையில் அவ்விடைவெளி வெற்றிடமன்று. கதிருக்குத் தென்படாத குருத்தெலும்பு அங்கே உள்ளது. அது தேய்ந்துள்ளதா என்பது உடலின் பாரம் மூட்டின்மேல் இறங்கும்போதுதான் வெளிப்படும். ஆகவே தேய்மானத்தை அளவிட நோயாளியை நிறுத்தி, இரு கால்களிலும் சமமாக எடையை ஊன்றச் செய்து, இரு முழங்கால்களையும் ஒரே தகட்டில் எடுக்கிறார்கள். முழங்காலைச் சுமார் 45 டிகிரி மடக்கி நின்று, பின்னிருந்து முன்னாக எடுக்கும் படத்தை 1988-இல் ரோஸன்பெர்க் என்பவரும் அவருடைய குழுவினரும் விவரித்தனர். நேராக நிற்கும்போது தெரியாத தேய்மானமும் அதில் தெரிவதுண்டு. படுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘தேய்மானம் இல்லை’ என்று கூறுவது, கட்டிலில் கிடக்கும் சுமைகூலியைப் பார்த்து அவன் சுமப்பது எளிதே என்று கூறுவதை ஒக்கும்.

பக்கவாட்டுப் படத்தில் முழங்கால் 20 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் மடக்கினால் சில்லு இழுபட்டு, அதில் முறிவிருப்பின் துண்டுகள் விலகிவிடும். விபத்தில் அடிபட்ட முழங்காலை மல்லாந்த நிலையிலேயே கிடைக்கதிரால் எடுப்பதில் ஒரு தனிப் பயன் உண்டு. மூட்டுக்குள் எலும்பு உடைந்தால் மச்சையிலுள்ள கொழுப்பு வெளிப்பட்டு, கசிந்த இரத்தத்தின்மேல் மிதக்கும். விளக்கேற்றும் கண்ணாடிக் குவளையில் நீரின்மேல் எண்ணெய் நிற்பது போலக் கொழுப்பும் இரத்தமும் ஒரு நேர்கோட்டில் பிரிந்து நிற்பது படத்தில் தெரியும். முறிவுக் கோடு கண்ணில் படாவிட்டாலும் எங்கோ எலும்பு உடைந்திருக்கிறது என்பதற்கு அக்கோடு சான்று. மேலிருந்து கீழாகக் கதிரைச் செலுத்தினால் இக்கோடு ஒருபோதும் தெரியாது.

கணுக்காலைத் தச்சுவேலையைக் கொண்டு விளக்கலாம். ஒரு மரத்தில் பள்ளம் வெட்டி மற்றொரு மரத்தின் முனையை அதில் பொருத்துவது போல, கெண்டைக்காலின் இரண்டு எலும்புகளும் கவ்வியிருக்கும் பள்ளத்தில் பாத எலும்பொன்று பொருந்தியிருக்கிறது. வெளிக்கணு உட்கணுவைவிடச் சற்றுப் பின்னே இருப்பதால், காலை நேராக வைத்து எடுத்த படத்தில் வெளிப்புற இடைவெளி மறைந்துவிடும். காலை 15 முதல் 20 டிகிரி வரை உட்புறம் திருப்பினால் பள்ளத்தின் மூன்று புறமும் ஒரே சீரான இடைவெளியுடன் விளங்கும். இடைவெளி ஒருபுறம் அகன்றிருந்தால் எலும்பு முறியாவிடினும் இணைப்பு நார்கள் அறுந்துள்ளன என்று கொள்ளவேண்டும்.

மேல்மூட்டும் கீழ்மூட்டும் அடங்கவேண்டும் என்னும் விதிக்கு இவ்விடத்தில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. பாதம் முறுகி விழுந்தவனுக்குக் கணுக்காலின் உட்புறம் வீக்கமும், சில வேளை முறிவும் இருக்கும். அதோடு வெளியெலும்பு அங்கே முறியாமல், விசை மேலேறி முழங்காலுக்குச் சற்றுக் கீழே முறிந்திருக்கும். மைஸொன்னவ் என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் முறிவு இது. கணுக்காலை மட்டும் எடுத்த படத்தில் இது எங்ஙனம் தெரியும்? காலின் மேற்பகுதியை அழுத்திப் பார்த்து, அங்கே வலியிருந்தால் சீட்டில் எழுதி அனுப்பும் பணியாளரே இதைக் காண வழி செய்கிறார்.

கணுக்கால் பிசகிய ஒவ்வொருவருக்கும் படம் வேண்டியதில்லை என்பதும் இன்று உறுதிப்பட்டுள்ளது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகளின்படி, கணுப் பகுதியில் வலியுள்ளவருக்கு இரு கணு எலும்புகளின் பின் விளிம்பிலோ நுனியிலோ, கடைசி 6 செ. மீ. அளவில், எலும்பை அழுத்தினால் வலித்தாலும், அல்லது அடிபட்டவுடனும் பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாவிட்டாலும் கணுக்காலைப் படமெடுக்க வேண்டும். இவை இல்லாவிடில் வேண்டா. நடுப்பாதத்தில் வலியிருந்தால் சுண்டுவிரலுக்குரிய பாத எலும்பின் அடிப்பகுதியையும், உட்புறத்திலுள்ள படகெலும்பையும் அழுத்திப் பார்க்கவேண்டும். தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு ஒரு நாள் கூலியை இழந்து செல்லவேண்டிய ஏழைக்கு இவ்விதி பெரும் உதவி.

பாதத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பாத எலும்புகள் வளைவாக அடுக்கப்பட்டிருப்பதால் மேலிருந்து எடுக்கும் படத்தில் கதிரைக் குதிகாலை நோக்கிச் சுமார் 10 டிகிரி சாய்த்தும், உட்புறம் 30 முதல் 45 டிகிரி சாய்த்த மற்றொரு நிலையிலும் எடுக்கிறார்கள். குதிகாலுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பனையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து குதிகால் நொறுங்கியவருக்கு அதே விசை முதுகெலும்பிலும் ஏறியிருக்கலாம். குதிகாலின் படத்தோடு நின்றுவிடாமல் இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பையும் பார்க்கவேண்டும்.

கதிரின் அளவு

இடுப்பைப் படமெடுக்கையில் உடல் ஏற்கும் கதிர்வீச்சு சராசரியாக 0.6 மில்லிசீவர்ட் என்றும், முழங்காலுக்கு 0.005 மில்லிசீவர்ட் என்றும் கணக்கிட்டுள்ளனர். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே ஒவ்வொருவரும் ஏற்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆகவே இடுப்புப் படம் சுமார் மூன்று மாத இயற்கை வீச்சுக்கு ஒப்பு. முழங்காற் படம் ஒரு நாளுக்கும் குறைவு. அஞ்சுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் நிலை தவறியதால் இரண்டாம் முறை எடுக்கும் படம் நோயாளிக்கு எப்பயனுமின்றி அவ்வளவையும் இருமடங்காக்குகிறது. கருவுறும் வயதுப் பெண்களிடம், கருவுற்றிருக்கக் கூடுமா என்று தனிமையில், அவர்களுக்குக் கூச்சமுண்டாகாத முறையில் கேட்டறிந்த பின்னரே இடுப்பைப் படமெடுக்க வேண்டும்.

பல பத்தாண்டுகளாக, இடுப்புப் படமெடுக்கையில் பிறப்புறுப்புகளின்மேல் ஈயத் தகடு வைப்பது வழக்கமாக இருந்தது. அத்தகடு பலமுறை இடம் தவறிக் காணவேண்டிய எலும்பையே மறைத்தது; அதனால் படத்தை மீண்டும் எடுக்க நேர்ந்தது. இக்காலக் கருவிகளில் கதிரின் அளவும் மிகக் குறைந்துவிட்டது. ஆகவே அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு கூறிற்று. நாட்டின் எக்ஸ்-ரே கூடங்களை, 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கிறது. அழும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் உறவினர் ஒருவர் ஈய அங்கி அணிந்து பிடிக்கலாம். கருவுற்ற தாய் மட்டும் பிடிக்கக் கூடாது. மருத்துவமனைப் பணியாளர் நாள்தோறும் பிடித்து நிற்பதும் தகாது.

எஞ்சியிருப்பது சீட்டைப் பற்றியது. ‘கால் எக்ஸ்-ரே’ என்று இரு சொற்களில் எழுதி அனுப்பப்படும் சீட்டைக் கொண்டு டெக்னீஷியன் எந்நிலையைத் தேர்வார்? வலமா இடமா, எவ்வாறு அடிபட்டது, எங்கே அழுத்தினால் வலிக்கிறது, காலூன்ற முடிகிறதா, முன்னர் படம் எடுத்ததுண்டா என்னும் ஐந்து செய்திகளும் அதில் இருக்கவேண்டும். பழைய படம் இருந்தால் அதையும் உடன் அனுப்பவேண்டும். நொண்டும் மாணவனை அனுப்பும் ஆசிரியர், அவன் முழங்காலைத்தான் காட்டுகிறான் என்றாலும், ‘இரண்டு வாரமாக நொண்டுகிறான், அடிபட்டதாகத் தெரியவில்லை, இடுப்பையும் பார்க்கவும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.